முதலில் வாசலைச் சொல்: ஷின்ஜுகு நாட்குறிப்பு

ஏப்ரல் 3, 2025, வியாழன்

டோக்கியோவில் வேலை முடியும்வரை நகானோ பக்கம் தங்கல். எங்கே போவதானாலும் ஷின்ஜுகுவில் இறங்கி மாற வேண்டும். உலகத்திலேயே அதிக ஆட்கள் வந்துபோகும் ரயில் நிலையம் என்று கின்னஸ் பட்டியலில் இருக்கும் இடம். ஒரு நாளைக்கு 30 லட்சம் பேருக்கு மேல் புழங்குகிறார்கள். வாசல்கள் மட்டும் 200-ஐத் தாண்டும்.

ராத்திரி அக்கா போன் செய்தார். சொந்தமில்லை, கூட வேலை பார்ப்பவர். இங்கேயே பல வருடமாக இருக்கிறார். "ஷின்ஜுகுல இறங்கிட்டு, அக்கா நீங்க எங்க இருக்கீங்கன்னு மட்டும் கேக்காதப்பா. எந்த வாசல்னு முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

ஏப்ரல் 4, வெள்ளி

நகானோவிலிருந்து ஆரஞ்சுக் கோடு போட்ட சூவோ ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே ஷின்ஜுகு. இறங்கியதும் அந்த இடத்தின் அமைப்பு ஓரளவு பிடிபட்டது. ஜேஆர் கம்பெனியின் 16 பிளாட்ஃபாரங்களும் தரை மட்டத்தில் இருக்கின்றன. கிழக்கு வாசல், மேற்கு வாசல், மத்திய கிழக்கு, மத்திய மேற்கு என நான்கும் தண்டவாளத்துக்கு அடியில். தெற்கு, தென்கிழக்கு, புதிய தெற்கு, கோஷு கைதோ வாசல்கள் தண்டவாளத்துக்கு மேலே. கோஷு கைதோ என்ற பழைய நெடுஞ்சாலை அங்கே ரயில் பாதையைப் பாலமாகக் கடக்கிறது. அந்தச் சாலை மட்டத்திலேயே தெற்கு வாசல்கள் திறக்கின்றன.

ஆக, இறங்கியவுடன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி மேலேயா, கீழேயா என்பதுதான். கிழக்கு வாசலுக்குப் போக வேண்டியவர் மேலே ஏறும் எஸ்கலேட்டரைப் பிடித்துவிட்டால், எத்தனை நல்ல வரைபடம் கையில் இருந்தாலும் பிரயோசனமில்லை. செல்போன் வரைபடத்தில் நீலப் புள்ளி சரியான இடத்தில்தான் மினுக்கும். எந்த மாடியில் நிற்கிறோம் என்பதை அது சொல்லாது.

வெளியேறும் வழிக்கு மஞ்சள் பலகை. மஞ்சளைத் தவிர வேறெதையும் படிக்காமல் நடந்தால் போதும் என்பது அக்காவின் கட்சி. இன்று அப்படித்தான் போனேன், தெற்கு வாசல் சுலபமாக வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

வேலை இல்லை. கிழக்கையும் மேற்கையும் மட்டும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

இந்த நிலையம் 1885-இல் திறந்தது. அதற்குப் பிறகு ரயில் பாதைகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்து, ஊரை இரண்டாக அறுத்துவிட்டன. 2020 வரை டிக்கெட் கேட்டுகளுக்குள் நுழையாமல் நிலையத்தின் நடுவே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக வழியே இருக்கவில்லை. சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வர வேண்டியிருந்தது. 2020 ஜூலை 19 அன்றுதான் கீழ்த்தளத்தில் 25 மீட்டர் அகலமும் சுமார் 100 மீட்டர் நீளமுமாக ஒரு பொதுப்பாதையைத் திறந்துவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஜனங்கள் சுற்றியே நடந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் கால் வலிக்கிறது.

பழைய பயணக் குறிப்புகளில் இந்தப் பாதை இருக்காது. 2020-க்கு முன் எழுதிய ஷின்ஜுகு குறிப்பு எதையும் நம்ப வேண்டாம்.

கிழக்கு வாசலுக்கு வெளியே நிமிர்ந்து பார்த்தால், கட்டடத்தின் மூலையில் வளைந்த பெரிய திரையில் ஒரு ராட்சதப் பூனை எட்டிப் பார்க்கும். 2021-லிருந்து இருக்கிறது. அடையாளம் சொல்ல அதைவிடச் சௌகரியமானது எதுவும் இல்லை.

மேற்குப் பக்கம் வேறு கதை. ஒடாக்யூ பல்பொருள் அங்காடியின் பழைய கட்டடத்தை 2022-இல் மூடிவிட்டு, 260 மீட்டர் உயரக் கோபுரம் கட்டுகிறார்கள். வெள்ளைத் தகரத் தடுப்புகள், தற்காலிகப் படிகள், இங்கே திரும்புங்கள் என்று காட்டும் அம்புக்குறிகள். இந்த மாதம் இருக்கும் வழி அடுத்த மாதம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஹத்சுதாயில் ஒரு சந்திப்பு. கெய்யோ ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். இதில்தான் விஷயம் இருக்கிறது.

ஷின்ஜுகுவை ஒரு நிலையம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஜேஆர், ஒடாக்யூ, கெய்யோ, டோக்கியோ மெட்ரோ, தோயெய் என்று ஐந்து ரயில் கம்பெனிகள். பெரும்பாலும் தனித்தனி கேட், தனித்தனிப் பலகை, தனித்தனி எண் வரிசை. ஜேஆரிலும் 1-ஆம் பிளாட்ஃபாரம் உண்டு, கெய்யோவிலும் உண்டு, டோக்கியோ மெட்ரோவின் மருனோஉச்சி லைனிலும் உண்டு. கம்பெனிப் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அது முகவரியே அல்ல.

கெய்யோவிலும் இரண்டு. கெய்யோ லைன் 1 முதல் 3 வரை. கெய்யோ நியூ லைன் 4, 5. அது இருப்பது இன்னும் தெற்கே, கோஷு கைதோவுக்கு அடியில், தோயெய் ஷின்ஜுகு லைனோடு பங்கு போட்டுக்கொண்டு. ஹத்சுதாயில் நிற்பது நியூ லைன் ரயில்கள் மட்டும். 1 முதல் 3-இல் ஏறினால் ஹத்சுதாயைத் தொடாமலே ரயில் போய்விடும். அக்கா காலையிலேயே எச்சரித்திருந்தார்: "கெய்யோன்னு எழுதியிருக்கேன்னு ஏறிடாத. நியூ லைன்னு போட்டிருக்கணும்."

திரும்பும்போது தோயெய் ஓஎதோ லைன் வரைபடத்தை நின்று படித்தேன். 6 என்ற எண்ணைப் போல் வளைந்த பாதை, ஷின்ஜுகுவை இரண்டு தடவை தொடுகிறது. ரொப்போங்கி பக்கமிருந்து வந்தால் ஈ 27, பெயர் ஷின்ஜுகு. ஈதபாஷி பக்கமிருந்து வந்தால் ஈ 01, பெயர் ஷின்ஜுகு நிஷிகுச்சி. ஒன்று தெற்குக் கோடி, மற்றது வடமேற்குக் கோடி. பெயரில் ஷின்ஜுகு இருக்கிறதே என்று இதற்கும் அதற்கும் நடக்கக் கிளம்பினால் நல்ல உடற்பயிற்சி. செய்பு ஷின்ஜுகு இன்னும் மோசம். அது முற்றிலும் தனி நிலையம், வெளியே வந்து வடக்கே நடக்க வேண்டும்.

பெயரை விட்டுவிட்டு எழுத்தையும் எண்ணையும் பிடித்துக்கொள்வது நல்லது. ஜேஆரின் யமனோதே லைன் என்றால் ஜேஒய் 17, மருனோஉச்சி என்றால் எம் 08. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவனுக்கு அந்த எண்தான் தெய்வம்.

ஏப்ரல் 9, புதன்

காலை எட்டரை. எதுவும் எழுதும் நிலையில் இல்லை. எஸ்கலேட்டரில் இடதுபக்கம் நிற்பது, நடக்கும்போது நட்ட நடுவில் நிற்காமல் இருப்பது, வழி பார்க்க வேண்டுமானால் தூண் ஓரம் ஒதுங்குவது. அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் போக முடிந்தால் போங்கள்.

ஏப்ரல் 12, சனி

அக்காவைச் சந்திக்கும் இடம்: மேற்கு வாசல் நிலத்தடியில் 'ஷின்ஜுகுவின் கண்'. சுவரில் பத்து மீட்டர் அகலத்துக்கு ஒற்றைக் கண். யோஷிகோ மியாஷிதா என்ற சிற்பி 1969-இல் செய்தது. "பெரிய கண் பக்கத்துல" என்று சொன்னால் தேடவே வேண்டாம்.

அங்கே நின்றபோது அக்கா ஒரு கதை சொன்னார். மேற்கு வாசலின் நிலத்தடி வெளி 1966-இல் 'சதுக்கம்' என்று பெயர் வைத்துத் திறக்கப்பட்டது. 1969-இல் சனிக்கிழமை மாலைகளில் வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் கித்தாருடன் இங்கே கூடிப் பாட, கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. ஜூலையில் ஒரு நாள் பலகைகளில் 'சதுக்கம்' போய் 'நடைபாதை' வந்துவிட்டது. நடைபாதையில் நிற்கக் கூடாது, போலீஸ் எல்லாரையும் நகர்த்தியது.

நாங்கள் நின்றுதான் பேசினோம்.

பலகைகளைப் பற்றி இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் பிடித்தது. 2003 வாக்கில் இங்கே கட்டுமான வேலை நடந்தபோது, ஆட்களுக்கு வழி காட்டும் காவலாளியாக இருந்தவர் ஷுஎத்சு சாத்தோ. கத்திச் சொன்னால் யாருக்கும் கேட்கவில்லை. ஒட்டும் டேப்பை வாங்கி, கத்தியால் வெட்டி, தடுப்புச் சுவர்களில் பெரிய பெரிய எழுத்துகளை ஒட்டினார். நேர்க்கோடுகளாக ஒட்டிவிட்டு, மூலைகளை மட்டும் வளைவாகச் செதுக்குவாராம். தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. ஜனங்கள் அந்த எழுத்துருவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 30 லட்சம் பேர் திணறும் இடத்தில் எது படிக்கத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு காவலாளி. எனக்கு ஆச்சரியமில்லை, நாள் முழுக்க "எங்கே போகணும்" என்ற கேள்வியைக் கேட்டவர் அவர்தானே.

ஏப்ரல் 16, புதன்

மழை. கிழக்கிலிருந்து மேற்குக்கு நனையாமல் போனேன். பொதுப்பாதை வாழ்க.

ஏப்ரல் 25, வெள்ளி

ஊருக்குக் கிளம்பும் நாள். நரித்தா எக்ஸ்பிரஸ் 5, 6-ஆம் பிளாட்ஃபாரங்களில் வரும், எல்லாமே முன்பதிவு இருக்கைதான். ஆறு வரையான பிளாட்ஃபாரங்கள் தெற்கே தள்ளியிருப்பதால், பெரிய பெட்டியோடு வருபவர் கீழே மேற்கு வாசலில் நுழைந்து நிலையத்தின் நீளம் முழுக்க இழுத்து வரத் தேவையில்லை. சாலையிலிருந்தே தெற்கு வாசல் வழியாக நுழைந்து, லிஃப்ட்டில் ஒரு தளம் இறங்கினால் ஆயிற்று. லிஃப்ட்டுக்கு வரிசை இருக்கும், அரை மணி முன்னதாக வருவது நல்லது.

வழியனுப்ப வருகிறேன் என்று அக்கா செய்தி அனுப்பினார். "தெற்கு வாசல், ஜேஆர், கேட்டுக்கு வெளியே" என்று பதில் போட்டேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.