ஐபி பிளாக்கோடு வரும் எஸ்டிசி ஃபைலை அப்படியே சேர்க்காதீர்கள்

யூஎஸ்பி, ஈதர்நெட், டிடிஆர் கன்ட்ரோலர் என எல்லாவற்றையும் ஒரே டீம் உட்கார்ந்து எழுதினால் எந்த எஸ்ஓசியும் (முழு சிஸ்டத்தையும் கொண்ட ஒரே சிப்) நேரத்துக்கு முடியாது. அதனால் ஐபி பிளாக்குகளை, அதாவது வெண்டர்கள் முன்பே வடிவமைத்த சர்க்யூட் பகுதிகளை, வாங்கிப் பொருத்துகிறோம். ஹார்டு ஐபி ஒரு குறிப்பிட்ட சிப் தயாரிப்பு பிராசஸுக்கு லேஅவுட் வரை முடிந்தது. சாஃப்ட் ஐபி ஆர்டிஎல்லாக, அதாவது சர்க்யூட்டை விவரிக்கும் சோர்ஸ் கோடாக, வரும். அதை கேட்களாக மாற்றும் சின்தசிஸும், சிக்னல்கள் நேரத்துக்குள் வந்து சேர்கின்றனவா என்று பார்க்கும் டைமிங்கும் நம் பொறுப்பு. இங்கே பேசுவது சாஃப்ட் ஐபி பற்றி.

ஆர்டிஎல்லை எல்லோரும் கவனமாகப் பார்ப்பார்கள். கூடவே வரும் எஸ்டிசி ஃபைலை, அதாவது கிளாக், டிலே போன்ற டைமிங் நிபந்தனைகளை டூலுக்குச் சொல்லும் ஃபைலைத்தான் படிக்காமல் சேர்த்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த ஃபைல், ஐபியே முழு சிப் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும். அதன் கிளாக்குகள் போர்ட்டில் (சிப்பின் வெளி இணைப்பில்) உருவாக்கப்பட்டிருக்கும். நம் சிப்பில் அந்தப் பெயரில் போர்ட் இல்லையென்றால் டூல் ஒரு வார்னிங் தரும், அவ்வளவுதான். அதே பெயரில் வேறு போர்ட் இருந்தால் இன்னும் மோசம்: தவறான இடத்தில் கிளாக் உட்காரும், வார்னிங்கும் வராது.

கிளாக் வரையறைகளை நீக்கிவிட்டு, டாப் லெவல் கிளாக்கின் பெயரைக் கொடுங்கள். போர்ட் என்றிருப்பதை இன்ஸ்டன்ஸ் பாதையோடு (டிசைனுக்குள் அந்த ஐபி இருக்கும் முழுப் பெயர்) கூடிய பின் (pin) ஆக்குங்கள். இன்புட், அவுட்புட் டிலேக்களை எடுத்துவிடுங்கள். அவை குறிப்பிடும் வெளிப் பாதைகள் இப்போது சிப்புக்குள்ளேயே இருக்கும் உண்மையான பாதைகள்.

மிகவும் ஆபத்தானது, இரண்டு கிளாக்குகளை அசிங்க்ரனஸ் (ஒன்றுக்கொன்று நேரத் தொடர்பில்லாத) குழுக்களாக அறிவிக்கும் வரி. அது ஐபியோடு நிற்காது. சிப் முழுக்க அந்த இரு கிளாக்குகளுக்கு இடையிலான எல்லாப் பாதைகளையும் டைமிங் கணக்கிலிருந்து நீக்கிவிடும். ஒரு கிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவைக் கடத்தும் வரிசை பஃபரான உங்கள் அசிங்க்ரனஸ் ஃபிஃபோவில், கிரே கோட் பாயின்டருக்கு மேக்ஸ் டிலே (அதிகபட்சத் தாமத வரம்பு) கொடுத்திருப்பீர்கள். இந்த வரி அதையும் செல்லாததாக்கிவிடும். கிரே கோடில் ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் மாறும் என்பது உண்மைதான். ஆனால் பிட்களின் வயர் தாமதங்கள் ஒரு கிளாக் பீரியடுக்கு மேல் வேறுபட்டால், அடுத்தடுத்த இரு மாற்றங்கள் வரிசை தவறி வந்து சேரும். ஃபிஃபோ தவறான பாயின்டரைப் படிக்கும். தாமதம் இல்லாத ஆர்டிஎல் சிமுலேஷனில் இது தெரியவே தெரியாது. சிலிக்கானில்தான், அதுவும் எப்போதாவது, தெரியும். அந்த வரியை எடுத்துவிட்டு, ஐபிக்குள் ஒரு கிளாக்கிலிருந்து மற்றொன்றுக்கு உண்மையில் கடக்கும் பாதைகளுக்கு மட்டும் விதிவிலக்கு எழுதுங்கள்.

முடித்ததும் கன்ஸ்ட்ரெயின்ட் இல்லாத எண்ட்பாயின்ட் (டைமிங் பாதை முடியும் இடம்) பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். வெண்டர் புதிய வெர்ஷன் அனுப்பும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். உள்ளே ஒரு இன்ஸ்டன்ஸ் பெயர் மாறினாலே பழைய விதிவிலக்கு எதையும் பிடிக்காது.