அக்கா கையில் கண்ணாடி வளையல்

நேத்து கடலூர் முதுநகர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா கையில கண்ணாடி வளையல் ரெண்டுதான் கெடக்கு. கேட்டா, "புள்ளைக்கு ஸ்டெம் செல் ஊசி போடணும்டா, அடகு வெச்சிட்டேன்"னு மெதுவா சொல்லுச்சு. ஸ்டெம் செல்னா, வேற வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல். பையனுக்கு 11 வயசு. தசைச் சிதைவு நோய். சுவத்தைப் புடிச்சிக்கிட்டுதான் நடக்குறான், கை படுற உயரத்துல சுண்ணாம்பு வரிசையா அழுக்கேறிக் கெடக்கு.

1998ல மனிதக் கருவுலேர்ந்து ஸ்டெம் செல்லைப் பிரிச்சு வளர்த்தப்போ, கருவும் உயிர்தானே, அழிக்கலாமான்னு உலகமே சண்டை போட்டுது. அந்தக் கேள்வி சின்னதில்ல. 2006ல ஜப்பான்ல யமனாக்காங்கிற விஞ்ஞானி, கரு தேவைப்படாம எலியோட தோல் செல்லையே அந்த மாதிரி ஸ்டெம் செல்லா மாத்திக் காட்டினார், அடுத்த வருஷமே மனுஷ செல்லயும். சண்டை கொஞ்சம் தணிஞ்சுது.

நம்ம ஊர்ல அறம் தவறுறது வேற எடத்துல. ரத்த நோய்களுக்குச் செய்யுற எலும்பு மஜ்ஜை மாற்று மாதிரி நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை தவிர மத்ததெல்லாம் ஆய்வாத்தான் நடக்கணும், ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலே இருக்கு. ஆனா அக்காகிட்ட ஒரு கிளினிக்ல முன்பணம் கேட்டிருக்காங்க. பெத்தவளோட தவிப்புக்கு விலை போடுறாங்க. வயிறு எரியுது.

"அப்ப நான் என்னதான்டா பண்றது?"ன்னு அக்கா கேட்டுச்சு. பணம் இன்னும் கட்டல. திங்கக்கிழமை முதல் பஸ்ல புதுச்சேரி ஜிப்மர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போறோம். இதயம், மூச்சு ரெண்டையும் பாக்கச் சொல்லணும், பிசியோதெரபி கேக்கணும். பையன் ஜன்னல் சீட்டு வேணும்னு இப்பவே சொல்லிட்டான்.