பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் வயர்கள்

வாலாஜா, ராணிப்பேட்டை பக்கம் ரிக்கர்களுக்கு, அதாவது கனமான சாமான்களைக் கட்டித் தூக்கி நிறுத்துகிறவர்களுக்கு, பஞ்சமே இல்லை. பெல் தொழிற்சாலையும் அதைச் சுற்றி வந்த பட்டறைகளும் தந்த பழக்கம் அது. செயின் பிளாக், ஸ்லிங், ஷாக்கிள், வயரைத் திருகி இறுக்குகிற டர்ன்பக்கிள் எல்லாம் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படிக் கிளம்பியவன்தான், ஆனால் எனக்கு அமைந்தது மலேசியாவில், லங்காவித் தீவில், பாய்மரப் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற ஒரு யார்டு. பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரனுக்குக் கடல் புதிது. படகில் இருக்கிற வயரும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். இந்த வேலைக்குப் போகிற பையன்கள் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: வயர் பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்காதே, அதன் வயதைக் கேள், கண்ணுக்குப் படாத இடத்தைக் கழற்றிப் பார்.

படகின் பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரண்டு பக்கமும் ஷ்ரவுட்கள் என்று வயர்கள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிற்கிறது. இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஸ்டாண்டிங் ரிக்கிங். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வேறு கணக்கு. குடும்பமாகத் தங்கிக் கடல் கடக்கிற 36, 38 அடிப் படகுகளில் பெரும்பாலும் 8 மி.மீ. வயர்தான் பார்த்திருக்கிறேன். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி 6, அதற்கு மேல் 12, ஆக 19 கம்பி. சுமார் நாலரை டன் வரை தாங்கும்.

நம் பட்டறை கிரேன்களில் ஓடுகிற வயர் ரோப்பில் நூற்றுக்கு மேல் மெல்லிய கம்பிகள் இருக்கும், கப்பியில் வளையும், கிரீஸ் ஏறும், தேய்ந்தால் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து முள் முள்ளாக நிற்கும். குறிப்பிட்ட நீளத்தில் இத்தனை அறுந்திருந்தால் மாற்று என்று எண்ணி முடிவு செய்யலாம். படகு வயரில் அந்தக் கணக்கு உதவாது. 19-ல் ஒரு கம்பி அறுந்தாலே 5 சதவீத பலம் போய்விட்டது, மீதி 18-க்கும் அதே வயது, அதே உப்பு. அதனால் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த வயர் முடிந்தது. அறுவதும் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. வயர் நுனியை ஒரு குழாய்க்குள் விட்டு அமுக்கிப் பிடித்திருப்பார்கள், ஸ்வேஜ் என்போம், அதன் வாயருகேதான் அறும். படகு நங்கூரத்தில் சும்மா நின்றாலும் அலையில் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு பக்க வயர் இறுகும்போது மறுபக்கம் தளரும், இரவும் பகலும் அந்த வாயருகே வளைந்து வளைந்து நிமிர்கிறது.

இதோடு உப்பு வேறு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதிலுள்ள குரோமியத்தால். தோல் பதனிடுகிற ஊர்க்காரர்களுக்குக் குரோமியத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய படலமாகிறது, கீறினாலும் திரும்ப வளர்ந்துகொள்கிறது. ஆனால் உப்புத் தண்ணீர் தேங்கி ஆக்சிஜன் போய்ச் சேராத இடுக்கில் படலம் திரும்ப வளராது, குளோரைடு உள்ளே குடைந்துகொண்டு போகும். எவர்சில்வர் டப்பாவில் கல் உப்பைப் போட்டு வைத்தால் கொஞ்ச நாளில் அடியில் புள்ளி புள்ளியாக விழுகிறதே, அதே சங்கதிதான். வெயிலும் ஈரமும் சேர்ந்த லங்காவி மாதிரி இடத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஒரு வெளிநாட்டுத் தம்பதி தங்கள் படகைக் கொண்டுவந்து, கம்பி அறுந்த ஒரு ஷ்ரவுட்டை மட்டும் மாற்றச் சொன்னார்கள். எங்கள் ஃபோர்மேன் கிள்ளான் பக்கத்துத் தமிழர், எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: வயர் எல்லாம் எப்போது போட்டது? எல்லாம் ஒன்றாகப் போட்டு 15 வருடம் தாண்டிவிட்டது என்றார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், செயின் பிளேட்டையும் கழற்ற வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். செயின் பிளேட் என்பது ஷ்ரவுட்டின் அடிப்பக்கத்தைப் படகின் உடம்போடு பிணைக்கிற தட்டை. படகின் மேல்தளமான டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மேலே தெரிகிற பகுதி புத்தம் புதிதாக மின்னியது. போல்ட்டைக் கழற்றி உருவி எடுத்துத் துடைத்தால், டெக்கின் கனத்துக்குள் மறைந்திருந்த இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கோடு. அழுக்கா விரிசலா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. ராணிப்பேட்டையில் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் அடித்துச் செய்கிற டிபி டெஸ்ட்டைச் செய்து பார்க்கலாமா அண்ணே என்று கேட்டேன். சிவப்புச் சாயம் அடித்து, ஊற விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தோம். சற்று நேரத்தில் அந்த வெள்ளையில் தட்டையின் பாதி அகலத்துக்குச் சிவப்புக் கோடு ஊறி வந்தது. அந்த அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புது வயரை மட்டும் போட்டு அனுப்பியிருந்தால், அத்தனை பளுவும் அந்தப் பாதித் தட்டையில்தான் நின்றிருக்கும்.

வரும்போது கழித்துப் போட்ட ஸ்வேஜ் சிலவற்றை எடுத்து வந்தேன். அக்கா மகன் கிளம்புவதாகச் சொன்னபோது வாலாஜாவில் ஒரு லேத் பட்டறையில் ஒன்றை நீளவாக்கில் அறுத்துக் காட்டினேன்.

"என்ன மாமா, வெளிய புதுசாட்டம் இருக்குது, உள்ள காப்பிப் பொடி மாதிரி கொட்டுது?"

"அதுக்குத்தான்டா அறுத்துக் காட்டறேன். அங்க போனா அறுக்கவா விடுவாங்க?"

வேலை செய்கிற முறையில் நிறையச் சொல்லலாம், முக்கியமானதைச் சொல்கிறேன். பாய்மரத்தை இறக்காமல் மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒரு வயரைத்தான் தொட வேண்டும், அதற்கு முன் பாய் ஏற்றும் கயிற்றை அந்தப் பக்கம் கட்டி இறுக்கிக்கொள்ள வேண்டும். மேலே ஏறுகிறவனுக்கு எப்போதும் இரண்டு கயிறு. பழைய வயரை ஒரு முனையில் மாட்டுகிற பின்னிலிருந்து (pin) மறுமுனைப் பின் வரைக்கும் இழுத்துப் பிடித்து அளந்து, அந்த அளவுக்குப் புது வயரை வெட்ட வேண்டும். வயர் நுனியில் ஸ்வேஜுக்குப் பதில் கையால் பூட்டுகிற டெர்மினல் என்றால் வெளியிலுள்ள 12 கம்பிகளைப் பிரித்து, நடுவிலுள்ள 7-ன் மேல் கூம்பை ஏற்றி, 12-ஐயும் பழையபடி முறுக்கு மாறாமல் சுற்றிப் படிய வைக்க வேண்டும். இரண்டு கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிரித்துத் திரும்பச் செய், அவசரப்படாதே.

வயர் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று டென்ஷன் பார்க்க மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வயர் கையால் இறுகின நிலையில் 2 மீட்டர் பட்டை ஒன்றின் மேல் நுனியை வயரோடு டேப் போட்டுக் கட்டி, கீழ் நுனி டெர்மினலைத் தொடும்படி வைத்துவிட்டு டர்ன்பக்கிளை இறுக்கினால், அந்த இடத்தில் இடைவெளி விழும். 1 மி.மீ. என்றால் வயர் தாங்குகிற பளுவில் 5 சதவீதம். மேல் ஷ்ரவுட்டுக்கு 3 மி.மீ. அளவில் நிறுத்தலாம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, சமமாகச் சுற்ற வேண்டும், நடுநடுவே மரத்தின் அடியில் நின்று கண்ணை மேலே ஓட்டி நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீலும் ஸ்டீலும் உரசினால் மரை கடித்துக்கொள்ளும், அதனால் கிரீஸ் போடாமல் டர்ன்பக்கிளைத் திருப்பாதே. டர்ன்பக்கிள் கழன்றுவிடாமல் பூட்டுகிற பழைய ஸ்ப்ளிட் பின்னைத் திரும்பப் போடாதே. புது வயர் முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் இடம் பிடித்துத் தளரும், அப்போது படகுக்காரர் கூப்பிடும் வரை காத்திராமல் நீயே போய் மறுபடி அளந்து இறுக்கி, புதுப் பின் போட்டு, கை கீறாதபடி டேப் சுற்றிவிட்டு வா.