ஓடுதளத்து ஓரம் ஒரு கல்

பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். வாத்தியார்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒரு கல்லைப் பற்றி எழுதுகிறேன்.

1972. காரைக்குடியில் பத்தாம் வகுப்பு. அப்போது எங்களுக்கு ராமநாதபுரம் ஜில்லா. விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா என்று பேப்பரில் வந்திருந்தது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் விமானத்தளத்தின் மேல் ஆறு பாகிஸ்தானிய சேபர் போர் விமானங்கள் வந்து குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதே, தன் சின்ன நாட் விமானத்தைக் கிளப்பி மேலே போனவர். சண்டையில் சுடப்பட்டு விழுந்தார். எவ்வளவோ தேடியும் உடல் கிடைக்கவில்லை. விமானப்படையில் அந்த விருது இன்றுவரை அவர் ஒருவருக்குத்தான்.

எங்கள் என்.சி.சி. சார் அதை வாசித்துவிட்டு, "அவர் ஊரில் சிலை வைப்பார்கள். நம்மிடம் சிலைக்குக் காசில்லை, ஆனால் ஏரோடிரம் இருக்கிறது" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே சைக்கிளில், ஏரோடிரம் இருக்கும் செட்டிநாடு என்ற ஊருக்குக் கிளம்பினோம். உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அது. இப்போது கால்நடைப் பண்ணைக்குள் இருக்கிறது. பக்கத்தில் கிடந்த செம்புறாங்கல் ஒன்றைப் புரட்டி வந்து நட்டோம். அந்தக் கல்லில் எழுத்து வெட்ட வராது, பொலபொலவென்று உதிரும். அதனால் சுண்ணாம்பு அடித்துத் தாரால் பெயர் எழுதினோம். எழுதியவன் நான்தான். செகோன் என்பதைச் 'சேகான்' ஆக்கிவிட்டேன். சார் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ஆள் யாரென்று தெரிகிறதல்லவா" என்றார். அடுத்த மாதம் போனபோது யாரோ அதில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். சார் ஆட்டையும் அவிழ்க்கவில்லை.

வீட்டில்தான் வம்பு. "பிளேன் ஓட்டுறவனுக்கா கல்லு நட்டீக?" என்றாள் அப்பத்தா. அவளுக்குப் பிளேன் என்றால் ரங்கூன். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டபோது ஐயா, அதாவது என் தாத்தா, மொகல் தெருவில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் இருந்தார். பேரேடு, பெட்டி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு, காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். திரும்பிய பிறகு வாசல் திண்ணையை விட்டு அதிகம் நகரவில்லை என்பார்கள். எனக்கு நினைவு தெரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்பத்தா, இவர் குண்டு போடப் போனவர் இல்லை, தடுக்கப் போனவர்" என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "அப்படி ஒருத்தன் அங்கேயும் மேலே போயிருந்தா, உங்கய்யா ஏன் நடந்து வாராக?"

பதில் தெரியவில்லை. சாரிடமும் கேட்கவில்லை.

சார் சொன்னபடியே செகோனுக்குச் சிலை வந்தது. லூதியானா நீதிமன்ற வளாகத்தில், பக்கத்தில் ஒரு நாட் விமானத்தோடு நிற்கிறார். எங்கள் கல் எப்போது போனதென்று தெரியாது. போன முறை ஊருக்குப் போனபோது தேடினேன், இல்லை.

சிங்கப்பூருக்கு வந்து இத்தனை வருடத்தில் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனது சென்ற ஆண்டுதான். பக்கத்திலேயே இருந்தால் நாம் எதையும் பார்ப்பதில்லை. நினைவிடத்தின் கூரை விமான இறக்கை வடிவில் இருக்கிறது. அடியில் சுவர் சுவராக, கல்லறை கிடைக்காத 24,000 பேருக்கு மேல். தென்கிழக்காசிய வானத்தில் காணாமல் போன விமானப்படையினரும் அதில் அடக்கம், பர்மாவில் போனவர்கள் உட்பட.

ரங்கூனில் அன்று பிரிட்டிஷ் விமானிகளும் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளும் எதிர்த்துப் பறந்தார்கள் என்று பிற்பாடு படித்திருக்கிறேன். ஆக, மேலே போயிருக்கிறார்கள் அப்பத்தா. போயும் ஐயா நடந்துதான் வந்தார்.

விமானப்படைப் பெயர்கள் இருந்த சுவரின் முன்னால் நின்று, ஒரு வரிசையை மட்டும் வாய்விட்டுப் படித்தேன். பாதி உச்சரிப்பு தப்பாகத்தான் இருந்திருக்கும்.