தொகுதி மாறினாலும் தோற்காத கருணாநிதி

13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்று 13 முறையும் வென்றவர் மு. கருணாநிதி. தொடக்கம் 1957, குளித்தலை. தி.மு.க. அப்போது அங்கீகாரம் பெற்ற கட்சிகூட இல்லை. 15 பேர்தான் வென்றார்கள். பேரவையில் நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையோடு அவர் பேசத் தொடங்கினார்.

ஒரே தொகுதியில் வேரூன்றியவர் அல்ல. 1962-இல் தஞ்சாவூர், அடுத்து சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம் என்று சென்னைக்குள்ளேயே நகர்ந்து, 2011-இல் திருவாரூருக்குப் போனார். ஒவ்வொரு மாற்றமும் புதிய வாக்காளர், புதிய கிளை நிர்வாகிகள், புதிய சாதிக் கணக்கு. அதனால்தான் இந்தச் சாதனை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எல்லாமே சுலப வெற்றியும் அல்ல. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் வீசிய அலையில் துறைமுகத்தில் வெறும் 890 வாக்கு வித்தியாசம். வென்றும் பதவி விலகினார். முன்னதாக 1983-இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக அண்ணா நகர் இடத்தைத் துறந்து, பிறகு மாநிலத்தின் சட்ட மேலவைக்குச் சென்றார். 1986-இல் மேலவையே கலைக்கப்பட்டது. அவர் சட்டமன்றத்துக்கு வெளியே இருந்த இந்த இடைவெளிகளையும் சேர்த்துப் படித்தால்தான் 1957 முதல் 2018 வரையிலான கணக்கு சரியாக வரும். 2018 ஆகஸ்ட் 7 அன்று மறைந்தபோதும் அவர் திருவாரூர் உறுப்பினர்.