கிளியின் கூண்டைக் கிளியின் அலகால் பார்க்க வேண்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதக் காலையில் கூண்டின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தபோது, எங்கள் காக்டெயில் கிளி மஞ்சு வழக்கமான கம்பில் இல்லை. தரைத் தட்டில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து ஜோடிக் கிளி கூப்பிட்டும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. தட்டில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல், எச்சம் கீரையை அரைத்து ஊற்றியதைப் போலப் பச்சையாகவும் நீர்த்தும் கிடந்தது. இரவு நிரப்பி வைத்த தண்ணீர்க் கிண்ணம் ஏறக்குறையக் காலியாகியிருந்தது. சமையலறைத் தராசின் மேல் ஒரு டப்பாவை வைத்து அவளை நிறுத்தபோது 74 கிராம் காட்டியது. அதற்கு முந்தைய மாதம் அவள் 90 கிராம் இருந்தாள்.

அவளைத் துணி விரித்த கூடையில் வைத்துக்கொண்டு ஓடியபோது, மருத்துவர் தீனியைப் பற்றியோ மற்ற கிளியைப் பற்றியோ கேட்கவில்லை. "கூண்டு புதுசாம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. புதிதுதான். கடையில் கிளிகளோடு சேர்த்துக் கொடுத்த கூண்டு மிகவும் சிறியது என்பதால், மூன்று வாரங்களுக்கு முன்புதான் ஒரு வெல்டிங் பட்டறையில் மூன்றடி நீளத்தில் பெரிய கூண்டாகச் செய்து வாங்கியிருந்தோம். இரும்புச் சட்டத்தைச் சுற்றிப் பளபளவென்று ஜிஐ கம்பி வலை. கிளிகளுக்குச் சிறகை விரிக்க இடம் கிடைத்ததே என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எக்ஸ்ரேயில் அவளுடைய வயிற்றுப் பகுதியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் நான்கைந்து தெரிந்தன. அவை அந்த வலையிலிருந்து அவள் கொறித்தெடுத்த உலோகத் துகள்கள்.

ஜிஐ என்பது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு. துரு பிடிக்காமல் இருப்பதற்காகச் செய்யப்படும் இந்தப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் படிவதில்லை. கம்பியும் கம்பியும் சேரும் மூலைகளில் சொட்டுகளாகத் திரண்டு நிற்கும், சில இடங்களில் வெண்பொடியாகப் பூத்திருக்கும். மனிதக் கைக்கு அது ஒரு சிறு சொரசொரப்பு மட்டுமே. கிளிக்கோ அலகுதான் மூன்றாவது கால். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கம்பியையும் கவ்விப் பிடித்துத்தான் அது நகரும், நாவால் தொட்டுப் பார்க்கும், பெயர்ந்து வரக்கூடியது எதுவாக இருந்தாலும் பெயர்த்துப் பார்க்கும். ஆகவே கூண்டில் கிளியின் வாய்க்குள் போகாத கம்பி என்று ஒன்று கிடையாது. அப்படிப் பெயர்ந்த துகள், தின்றதை அரைக்கும் தசைப்பையில் தங்கி, அங்குள்ள அமிலத்தில் மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. சோர்வு, அளவுக்கு மீறிய தாகம், பச்சை எச்சம், வாந்தி, கால் தள்ளாட்டம், கடைசியில் வலிப்பு என்று அது முற்றும். மலிவான கூண்டுகளின் பற்றவைப்பிலும் பழைய பெயின்ட்டிலும் இருக்கக்கூடிய ஈயமும் இதே வேலையைச் செய்யும். அது மென்மையான உலோகம் என்பதால் அலகுக்கு இன்னும் எளிதாகப் பெயர்ந்து வரும்.

மஞ்சுவுக்கு உலோகத்தைப் பற்றி வெளியேற்றும் கால்சியம் இ.டி.டி.ஏ. ஊசியை ஐந்து நாள், காலையும் மாலையும் போட்டார்கள். மூன்றாம் நாள் மாலை அவள் தினைக்கதிரைத் தானாகக் கொத்தியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஊசி எல்லாக் கிளிகளையும் காப்பாற்றிவிடுவதில்லை. நாங்கள் முதல் நாளே கொண்டுபோனது அவளுடைய நல்ல காலம். பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் நோயைக் காட்டிக்கொண்ட பறவையைத்தான் வேட்டையாடி முதலில் தூக்கும் என்பதால், தரையில் வந்து உட்காரும் வரை தெம்பாக இருப்பது போலவே அவை நடமாடும். அதனால்தான் வாரம் இருமுறை நிறுத்துப் பார்ப்பதை இப்போது ஒரு கடமையாக வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத நோய் தராசுக்கு முன்னதாகவே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது காக்டெயில், நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லப்படும் பட்ஜி, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டுக் கிளிகளைப் பற்றி மட்டுமே. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியையும் அதன் இனத்தாரையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். அவற்றுக்குப் பாதுகாப்பான கூண்டு என்று எதுவும் இல்லை, மரப்பொந்துதான் உண்டு.

ஜிஐ வலையை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, சில நாள் வெயிலில் வைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். தளர்வாக ஒட்டியிருக்கும் பொடியும் சொட்டும் அதில் ஓரளவு போகும் என்பது உண்மைதான். ஆனால் பூச்சு அப்படியே இருக்கும், அதைக் கொறிக்கும் அலகும் அப்படியே இருக்கும். வேறு வழியே இல்லாதவர்கள் அதையாவது செய்யட்டும். முடிந்தவர்கள் எவர்சில்வர் கம்பிக்குப் போவதே நல்லது. விலை கூடுதல்தான், எங்களுக்கும் அதைச் சேர்த்து வைத்து வாங்க ஏழு மாதம் ஆயிற்று, அதுவரை கிளிகள் கடையில் கொடுத்த பழைய சிறு கூண்டில் இரவைக் கழித்துவிட்டுப் பகலெல்லாம் ஓர் அறையில் திறந்து விடப்பட்டிருந்தன. ஒரு காக்டெயில் நன்றாகப் பேணப்பட்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். அத்தனை ஆண்டுகளுக்குமான வீட்டுக்கு அந்த விலை அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியையும் அளந்து வாங்க வேண்டும். பட்ஜிக்கு அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காக்டெயிலுக்கு அதைவிட ஒரு நூல் கூடுதலாக இருக்கலாம். தலை வெளியே போய்விட்டால் உள்ளே இழுக்கும்போது தாடை மாட்டும். பயந்த பறவை பின்னுக்கு இழுக்க இழுக்கக் கழுத்து இறுகும். கோயில் கோபுரம் போல உச்சியில் கம்பிகள் ஒன்றுகூடும் உருண்டைக் கூண்டுகள் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்தக் கூர்ந்த இடுக்குகளில்தான் கால்விரலும் அலகும் சிக்கும். மேலே தூக்கித் திறக்கும் தீனிக் கதவுகள் இன்னொரு கவலை. கிளி அதைத் தலையால் தூக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பாதி வெளியே வந்த நிலையில் கதவு கழுத்தின் மேல் விழும். ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எவர்சில்வர்க் கொக்கி போட்டுவிட்டால் இந்தக் கவலை அன்றோடு தீர்ந்தது.

கூண்டுக்குள் நாம் அன்பாகத் தொங்கவிடும் பொருள்கள் தரும் ஆபத்தும் குறைந்ததன்று. என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, கிளிக்கு விளையாட்டுக் காட்டலாம் என்று பழைய சலங்கையிலிருந்து ஒரு மணியைக் கழற்றிக் கூண்டில் கட்டிவிட்டார். அந்த மணியின் அடியில் குறுக்குப் பிளவு ஒன்று இருக்கும், நடுவில் அகலமாகவும் முனைகளில் குறுகியும். ஜோடிக் கிளியின் நகம் அகலமான இடத்தில் நுழைந்து குறுகிய முனைக்கு நழுவிவிட்டது. சிறகடிப்புச் சத்தம் கேட்டு நான் வந்தபோது, அவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். இழுக்க இழுக்க நகத்தின் வேரில் இரத்தம் கசிந்தது. காலைப் பிடித்து இழுக்கத்தான் கை முதலில் போகும். அப்படிச் செய்தால் எலும்பு முறிந்துவிடும். ஒரு சிறு துண்டால் அவனை மூடி, உடலின் எடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, அம்மாவை விட்டு மணி கட்டியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னேன். மணியோடு சேர்ந்து கீழே வந்த பிறகு, பிளவின் அகலமான பக்கத்துக்கு நகத்தை மெல்ல நகர்த்தி எடுத்தோம். நகத்தின் முனையில் சோளமாவை அழுத்திப் பிடித்ததும் இரத்தம் நின்றது.

இப்படிப்பட்ட நேரத்தில் பறவையின் மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்கவே கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மார்பைப் பொத்திய கைக்குள் மூச்சுவிட முடியாமலே அது இறந்துவிடும். தலையின் பின்புறம் தாடையின் இரு பக்கமும் இரு விரல், உடலைச் சுற்றித் தளர்வான துண்டு, அவ்வளவே போதும். இரத்தத்தையும் சொட்டுக் கணக்கில் பார்க்க வேண்டும்: பறவையின் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான் அதன் இரத்தம், 35 கிராம் பட்ஜிக்கு மொத்தமே மூன்றரை மில்லிலிட்டர்.

அந்த மணி பித்தளை. பித்தளையிலும் துத்தநாகம் கலந்திருக்கிறது என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. சலங்கை மணியைப் போலவே சாவி வளையங்களும், பெரிய கண்ணிச் சங்கிலிகளும், நூல் பிரிந்த பருத்திக் கயிறுகளும் கூண்டுக்குள் வேண்டாதவை. பிரிந்த நூல் ஒன்று ஒரே இரவில் விரலைச் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். தின்ற நூல் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். நான் கூண்டை மூடுவதற்குப் பழைய வேட்டியைத்தான் பயன்படுத்துகிறேன், அதையும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துக் கரை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். விளையாட்டுக்குக் கொட்டாங்கச்சித் துண்டும், முருங்கைக் குச்சியும், தென்னங்கீற்றும் தாராளமாகப் போதும். உட்காரும் கம்புக்குக் கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ நல்லது, ஏனென்றால் கிளை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் பாதம் ஒரே இடத்தில் அழுந்திப் புண்ணாகாது. உப்புத்தாள் சுற்றிய கம்பு நகத்தைத் தேய்க்கும் என்று விற்கிறார்கள். அது தேய்ப்பது உள்ளங்காலை. அரளிக்கிளை ஒருபோதும் வேண்டாம், அதன் ஒவ்வொரு பகுதியும் நஞ்சு.

கூண்டு எங்கே இருக்கிறது என்பதும் கூண்டின் ஒரு பகுதிதான். அடைபட்ட பறவையால் கெட்ட காற்றைவிட்டு விலகிப் போக முடியாது, அதன் நுரையீரலோ மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக் காற்று ஒரே திசையில் கடந்துபோகும்படி அமைந்தது. நம்மைவிட விரைவாக ஆக்சிஜனை எடுக்கும், அதே விரைவில் நஞ்சையும் எடுக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவைக் கண்டறியக் கேனரிப் பறவைகளைக் கூண்டில் கொண்டுபோகும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் இதுவே. அதைக் கைவிடும் முடிவு 1986-இல்தான் வந்தது. நம் வீட்டுச் சமையலறையில் அந்த வாயுவின் இடத்தில் இருப்பது நான்ஸ்டிக் தோசைக்கல். மாவு ஊற்றாமல் வெறுமனே அடுப்பில் மறந்துவிட்ட கல் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும்போது, பூச்சிலிருந்து எழும் புகை பக்கத்து அறையில் இருக்கும் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாமல் போகலாம். எங்கள் வீட்டில் இப்போது இரும்புக்கல் மட்டுமே. கொசுவத்திச் சுருளும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கூண்டிருக்கும் அறைக்கு வருவதில்லை.

எறும்புக்காகக் கூண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போடும் வழக்கத்தையும் பல வீடுகளில் பார்க்கிறேன். அது பூச்சிக்கொல்லி. கோட்டின் தூள் சிறகடிக்கும் காற்றில் பறந்து தீனியில் விழும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய நான்கு கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. நம் பாட்டிமார் பலகாரம் வைத்த அலமாரிக்குச் செய்ததும் அதுதான். பால்கனியில் இருக்கும் கூண்டுக்குப் பூனையும் காக்கையும் பாம்பும் வரும், நேர் வெயிலும் வரும். ஆகவே பாதியாவது நிழல் விழும்படியும் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியும் வைத்து, இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். காக்டெயில்கள் இரவில் திடீரென்று வெருண்டு இருட்டில் கூண்டெங்கும் மோதிச் சிறகை உடைத்துக்கொள்ளும் இயல்புள்ளவை. ஒரு சின்ன விடிவிளக்கு இருந்தால் கம்பு எங்கே என்று தெரிந்து திரும்பி வந்து உட்காரும். மின்தடை நேரத்திலும் எரியும்படி அதை இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன்.

நாள்தோறும் காலையில் தட்டைக் கழுவும்போது, விரல் நுனியால் ஒவ்வொரு கம்பியையும் கிளி ஏறும் வழியிலேயே தடவிப் பார்க்கிறேன்: பெயர்ந்த பூச்சு, தளர்ந்த திருகு, கூரான வெட்டுமுனை, பிரிந்த நார். ஐந்து நிமிட வேலை. சிலநாள் மஞ்சு என் விரலுக்குப் பின்னாலேயே அலகால் அதே கம்பியைக் கவ்விக்கொண்டு வருவாள். அதன் பிறகு டப்பாவைத் தராசில் வைத்தால் தானாக ஏறி நின்றுகொள்கிறாள். இன்று காலை 92 கிராம்.