மரை பார்த்து வாங்கிய போல்ட்டுகள்

என் பழைய காரின் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியபோது, பிஸ்டனையும் பேரிங்கையும் விட அதிக நாள் பிடித்தது போல்ட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் வேலைதான். சென்னையின் வாகன உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு போல்ட் பார்வைக்குப் பழையதைப் போலவே இருந்தது. ஆனால் இரண்டின் மரைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தபோது, சில மரைகளுக்குள்ளேயே அவை விலகத் தொடங்கின. பழையதன் மரை இடைவெளி 1.25 மி.மீ., புதியதோ 1.5. அதை இன்ஜினின் மேற்பகுதியான அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் வலுவாக முறுக்கியிருந்தால் துளையின் மரையே சிதைந்திருக்கும்.

போல்ட்டின் தலையில் பொறித்த வலிமை எண்ணையும் படிக்க வேண்டும். 10.9 என்றால் இழுவலிமை 1000 மெகாபாஸ்கல். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை போல்ட் நிரந்தரமாக நீளாது. அந்த இடத்தில் வலிமை குறைந்த 8.8 போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். டிகிரி கணக்கில் முறுக்கி நீட்டப்படும் வகை ஹெட் போல்ட்டுகளையும் கனெக்டிங் ராட் போல்ட்டுகளையும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், ஏற்கெனவே நீண்டுவிட்டவை என்பதால் மறுபடி பயன்படுத்தவில்லை.

பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துளையையும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். ஏனெனில் அடி மூடிய துளையில் தேங்கிய எண்ணெய், இறங்கும் போல்ட்டின் அழுத்தத்தால் இன்ஜின் பிளாக்கையே விரிசலிடச் செய்யக்கூடும். எண்ணெய் பூசிய மரை, உலர்ந்த மரையைவிடக் குறைந்த முறுக்கிலேயே அதிகமாக இறுகும் என்பதால், கையேடு சொன்ன இடங்களில் மட்டும் எண்ணெய் தடவினேன். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்கோ, எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு போல்ட் தளராமல் பிடிக்கும் மரைப்பசை இட்டு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் குறுக்கு வரிசையில் மூன்று கட்டமாக இறுக்கினேன்.